இருபத்தைந்து விதை ஒரு பொட்டலம்

முதல் ஆர்டர் வந்தபோது
மீன்காரியின் கூடை முன்னால் நின்றிருந்தேன்.
சாளைக்குக் காசு போட நீட்டிய போனில்
நாமக்கல்லிலிருந்து எண்பத்தைந்து ரூபாய் வந்து விழுந்தது.
விதைக்கு நாற்பது, தபாலுக்கு நாற்பத்தைந்து.
விதையைவிட வழிக்கு விலை கூட.

கடைக்குப் பெயர் உறைப்பு.
வேறொன்றும் தோன்றவில்லை.
விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு தட்டட்டி,
அதில் பெயிண்ட் வாளி முப்பத்தொன்று,
குண்டு, சம்பா, வான்பார்த்தான்.
மலையிலிருந்து சாரல் இறங்குகிற மாதம் விதை காயாது.
ஃபேனுக்குக் கீழே பழைய காலண்டர் தாளை விரித்து
ராகுகாலத்தின் மேலும் எமகண்டத்தின் மேலும்
பரப்பி வைப்பேன்.
பழம் கீறிய விரலை
மோரில் முக்கினாலும் புளியில் முக்கினாலும்
ராத்திரி வரை அது தன்பாட்டுக்கு எரியும்.

அவர் பாபநாசம் தடத்தில் கண்டக்டர்.
டிக்கெட் தாளாக இருந்த காலத்திலிருந்து கிழிக்கிறவர்.
லீவு நாளில், "கொண்டா, நான் எண்ணுதேன்" என்று உட்கார்ந்தார்.
ஆறாவது விதையில் பழக்கம் முந்திக்கொண்டது;
விரல் நாக்குக்குப் போய்விட்டது.
ஒரு செம்பு மோர் குடித்தபிறகும்
கண்ணில் நீரோடு ஏழிலிருந்து தொடர்ந்தார்.
பொட்டலத்துக்கு ஒன்று கூடப் போடலாமே என்றேன்.
"ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டாளை ஏத்துவியாட்டி?"

தபாலாபீஸில் ஆல்வின் சார் உறையைக் குலுக்கிக்
காதருகே வைத்து, "உள்ள என்னம்மா?" என்றார்.
மிளகாய் விதை என்றேன்.
ஒட்டிய உறைக்கே தும்மினார்.

தை மாதம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு படம் வந்தது.
குண்டு மிளகாய் என்று வாங்கினவள்.
காய் முக்கால்வாசிதான் குண்டு.
மண்ணையும் பார்க்காமல் வானத்தையும் பார்க்காமல்
பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறது.
கீழே ஒரே வரி: இது என்ன?

விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன்.
உடம்பு குண்டு. நிற்கிற நிலை வான்பார்த்தான்.
இரண்டு வாளியையும் அடுத்தடுத்து வைத்தது நான்தான்.
தேனீக்கு என் லேபிள் படிக்கத் தெரியாது.
நாற்பதைத் திருப்பி அனுப்பினேன்.
அடுப்பை அணைத்துவிட்டு வந்து
நாற்பத்தைந்தையும் அனுப்பினேன்.
நீலக்கோடு இரண்டு விழுந்தது.
பதில் இல்லை, இன்றுவரை.

அதற்குப் பிறகுதான் பை.
நாத்தனார் கல்யாணத்தில் மிஞ்சிய தாம்பூலப் பை,
வலைத்துணி, நூற்றுச் சொச்சம், பரணில் கிடந்தது.
விரியப் போகிற மொட்டுக்கு மேல் மாட்டி
நாடாவை இழுத்துக் கட்டுகிறேன்.
பையில் தங்க எழுத்து இன்னும் போகவில்லை:
உலகம்மாள் – சுடலையாண்டி, வருகைக்கு நன்றி.
வருகிற தேனீ சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறது.
கல்யாணத்துக்கு வாங்கிய பையால்
கல்யாணத்தைத் தடுக்கிறவள் நான்.
காலையில் பல் தேய்த்துக்கொண்டே
ஒவ்வொரு பையையும் சுண்டிவிடுகிறேன்;
தன் மகரந்தம் தன் மேலேயே உதிரட்டும்.

ஒருநாள் குரங்கு வந்தது.
பாக்கு இருக்குமென்று நினைத்ததோ என்னமோ,
ஒரு பையைப் பிரித்துக் கடித்தது.
பிறகு அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நோக்கி ஓடிய ஓட்டத்துக்கு
நான் பொறுப்பில்லை.

இன்றைக்கு ஒரு ஆர்டர்.
பெயர் ஜெஸிந்தா. முகவரி, எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.
நடந்தால் நாலு நிமிஷம்.
தபாலுக்கும் சேர்த்தே பணம் போட்டிருக்கிறாள்.
நேரில் போனால், "நீங்கதானா அது?" என்பாள்,
காபி போடுவாள், விலையைக் குறைக்கச் சொல்வாள்.
தபாலில் போட்டுவிட்டேன்.
அது திருநெல்வேலி போய், அங்கே பிரிபட்டு,
அவர் பஸ்ஸுக்கு முன்னாலோ பின்னாலோ
இங்கேயே திரும்பி வரும்.
மூன்று நாளாகும்.
அதுவரை, கடைக்குப் போகிற வழியில்
அவள் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொள்கிறேன்.
வெறுந்தொட்டி இரண்டு இருக்கிறது.
வெயில் படுகிற இடம்தான்.