உள்ளே பதினொருவர்

துவாஸ் கப்பல்பட்டறையில்
எனக்கு எண்ணுவதுதான் வேலை.
தொட்டிக்குள் இறங்குகிறவன்
தன் பெயர்ச் சில்லைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும்,
ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும்.
ஒரு சில்லு மிஞ்சினாலும்
நான் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது.
பதினெட்டு வருடத்தில்
ஒன்றும் மிஞ்சியதில்லை.

ஓ லெவல் முடிந்த வெள்ளிக்கிழமை இரவு
பொங்கோல் வீட்டு வாசலில்
பதினொரு ஜோடி காலணி.

யுகன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:
“ப்பா, நீங்க ரூமை விட்டு வெளிய வரக் கூடாது, ப்ளீஸ்.”
சரி என்றேன்.
பியர் இரண்டு பெட்டி நானே வாங்கி வைத்தேன்.
என் நரைத்த மீசையைப் பார்த்த கடைக்காரர்
யாருக்கு என்று கேட்கவில்லை.
எங்கேயோ மாடிப்படியில் ஒளிந்து குடிப்பதைவிட
என் கூரைக்குக் கீழே, என் கண் முன்னே.
இரவு வேலையிலிருந்த தமயந்தியிடம்
போனில் இப்படிச் சொன்னபோது
காலைக் கூட்டத்தில் பேசும் குரல்
எனக்கு வந்துவிட்டது.

கண் முன்னே என்றேன்.
கதவைச் சாத்திக்கொண்டேன்.

சிரிப்பு. நாற்காலி இழுபடும் ஓசை.
எவனோ ஓடிப்போய்க் கழிவறைக் கதவை அறைந்தான்.
கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.
இது பியரின் சத்தமில்லை
என்று எனக்குத் தெரிந்தது.
தெரிந்தும்,
கொடுத்த வாக்கு என்று ஒரு சொல்லை
இழுத்துப் போர்த்திக்கொண்டு
குளிர்சாதனக் காற்றில் படுத்திருந்தேன்.

பள்ளித் தண்ணீர்ப் போத்தல் ஒன்றில்
வோட்கா வந்திருந்தது.
பிறகுதான் தெரியும்.
பிறகு தெரிவதற்கு
என் வேலையிடத்தில் ஒரு பெயர் உண்டு:
விசாரணை அறிக்கை.

பதினொன்று நாற்பதுக்குக் கதவு தட்டினான்.
“ப்பா, ஜுன் காய் எழுந்திருக்க மாட்டேங்கிறான்.”

சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் கிடந்தான்.
சட்டையில் பாண்டான் கேக்கும் வாந்தியும்.
உதடு என்ன நிறம் என்று
இங்கே எழுத மாட்டேன்.
என் கைகள் அவனைப் பக்கவாட்டில் திருப்பின,
வாயைத் துடைத்தன,
மூச்சுக்குக் காது கொடுக்கச் சொல்லித் தலையைத் தாழ்த்தின.
ஒரு பதற்றமும் இல்லை அவற்றுக்கு.
அதுதான் என்னைக் கலக்கியது.
கைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது,
மூன்று மணி நேரமாக.

மற்ற பிள்ளைகள்
ஆம்புலன்ஸ் வருமுன்பே
ஷூவை மாட்டியும் மாட்டாமலும்
லிஃப்டில் இறங்கிப்போனார்கள்.

செங்காங் மருத்துவமனையில் படிவம்.
‘உறவு’ என்று ஒரு கட்டம்.
வீட்டுக்காரர் என்றேன்.
தாதி நிமிர்ந்து பார்த்தார்.
எந்த வீட்டுக்கு என்று கேட்டிருந்தால்
பதில் இருந்தது.

விடிகாலை நான்கு மணிக்குத் திரும்பினேன்.
வாசலில் ஒரு ஜோடி மிச்சம்.
குதிகால் மிதிபட்டு மடங்கிய வெள்ளைக் காலணி.
உட்பக்கம் பேனாவில்
வகுப்பில் அவன் எண், பதினேழு.

அவன் பிழைத்துக்கொண்டான்.
செவ்வாய்க்கிழமை அவன் அம்மா வந்தார்,
காலணியை எடுத்துக்கொள்ள.
நான் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஏழோ எட்டோ இருந்தன.
அவர் உள்ளே வரவில்லை, திட்டவும் இல்லை.
நடைபாதையில் குந்தி உட்கார்ந்து
சிக்கிக் கிடந்த நாடாவை
நிதானமாகப் பிரித்தார்.
பிரித்துக்கொண்டே சொன்னார்:
எங்கேயும் இரவில் விட்டதில்லை.
அங்கிள் வீட்டில் இருப்பார் என்றான்,
அதனால்தான் விட்டேன்.

பிறகு அண்ணாந்து பார்த்து
உண்மையாகவே தெரியாதவர் போலக் கேட்டார்:
“நீங்க இருந்தீங்கதானே?”

லிஃப்ட் பதினான்காம் மாடிக்கு வந்து சேரும்வரை
இருவரும் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

உள்ளே வந்தேன்.
யுகனின் அறைக் கதவு சாத்தியிருந்தது.
தட்டாமல் திறந்தேன்.
முறையில்லைதான்.
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்,
தூங்கவில்லை.
நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.
போங்க என்று அவன் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும்.