417

கடைக்காரன் நீலக் கேனை மேசையில் வைத்தான்.
"ரெண்டே தெளிப்பு, எதித்தா.
ஒரு மாசத்துல வேரோட கருகிடும்."
கருகினது எங்கே போகும் என்று கேட்டேன்.
மண்ணுக்குள்ளே என்றான்.
மண்ணுக்குள்ளே போனது?
எனக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்துச் சிரித்தான்.

சரிவின் அடியில் ஒரு கிணறு.
நானும் மன்சியாவும் குடிப்பது அதில்தான்.
நான்கு வருடமாகப் பேச்சு இல்லை.
வாளி மட்டும் ஒன்று.

ஆகவே அரிவாள், கடப்பாரை.
சால்மன் ஆலையில் மீன் வயிறு கிழிக்கையில் போடும்
ரப்பர் உறை, அதன்மேல் ஒரு தோல் உறை.
ஜூலை மாதம்.
சிலோயே தீவில் மழை பெய்வதில்லை,
குடியிருக்கிறது.

முர்ரா என்போம் இந்தச் செடியை.
பழம் கறுக்கும் மார்ச் மாதத்தில்
இதற்கு ஊரெல்லாம் சொந்தக்காரர்கள்.
ஜூலையில் நான் மட்டும்.

இடுப்பளவில் வெட்ட வேண்டும்.
இழுக்கக் கூடாது, இழுத்தால் அது நம்மை இழுக்கும்.
முட்கள் பின்னோக்கி வளைந்தவை,
உள்ளே வந்ததை வெளியே விடாத வளைவு.
கொடி வில்லாகக் குனிந்து
நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் புதிதாய் வேர்,
அங்கிருந்து அடுத்த பாய்ச்சல்.
கொட்டகையிலிருந்து கோழிக்கூண்டு,
கோழிக்கூண்டிலிருந்து என் படுக்கையறை ஜன்னல்
என்று நடந்தே வந்திருக்கிறது
எராஸ்மோ போன பிறகு.

வெட்டுவது வேலையே இல்லை.
கிழங்கு எடுப்பதுதான் வேலை.
மூடிய கைமுட்டி மாதிரி ஒவ்வொன்றும்.
அதன் கக்கத்தில் கடப்பாரையைச் செருகி
உடம்பை முழுக்கக் கொடுத்தால்
கடைவாய்ப்பல் பிடுங்கும் சத்தத்தோடு வரும்.
சில வராது.
அவற்றைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவேன்.
ஒரு நாளைக்கு ஒரு கட்டில் அளவு நிலம்.
மொத்தம் முப்பத்தொரு கட்டில், அடி வைத்து அளந்தேன்.

பத்தொன்பதாவது கட்டிலில்
கம்பளி.

முதலில் பழைய ஸ்வெட்டர் என்று நினைத்தேன்.
பிறகு தாடை எலும்பு, பற்கள் வரிசையாக.
நின்றபடியே செத்திருக்கிறது அந்த ஆடு.
விலாவுக்குள் ஒரு கொடி நுழைந்து
மறுபக்கம் காய்த்தும் இருக்கிறது,
காம்புகள் இன்னும் உதிரவில்லை.
கம்பளியைப் பிடித்த முட்களும்
இன்னும் விடவில்லை.
கீழே சேற்றில் மஞ்சள் காதுவில்லை:
417.

அந்த எண் எனக்கு மனப்பாடம்.
அதைச் சொல்லித்தான் மன்சியா போலீசுக்குப் போனான்.
சந்தையில் சொன்னான், சர்ச் வாசலில் சொன்னான்,
எராஸ்மோ தின்றுவிட்டான் என்று.
எராஸ்மோ பலதும் திருடியவன்தான்.
என் தையல் மெஷினை அவன்தான் விற்றான்.
போய்விடு என்று நான் கத்திய ராத்திரி
கணக்குச் சொல்லும்போது
இந்த ஆட்டையும் சேர்த்துச் சொன்னேன்.
அதற்கு மட்டும் அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ராத்திரி
வெளியே ஏதோ கத்தியது.
காற்று என்று புரண்டு படுத்தேன்.

வில்லையைக் கழுவி
மன்சியாவின் கேட்டில் கம்பியால் கட்டினேன்.
சீட்டு எதுவும் வைக்கவில்லை.

மறுநாள் ஆலையிலிருந்து வந்தபோது
அவன் பக்கத்திலிருந்து என் பக்கம் நோக்கி
இரண்டு கட்டில் தோண்டப்பட்டிருந்தது.
கிழங்குகள் தகரத்தின்மேல், வேர் வானம் பார்க்க.
மண்ணில் பட்டால் மறுபடி பிழைத்துவிடும் என்று
தெரிந்த கை.
எலும்புகளைக் காணோம்.
எங்கே புதைத்தான் என்று நான் கேட்கவில்லை.

எராஸ்மோ பூர்த்தோ மோன்த் நகரில் லாரி ஓட்டுகிறானாம்.
அவன் எண் போனில் இருக்கிறது.
"ஆடு கிடைத்தது" என்று தட்டச்சு செய்தேன்,
அழித்தேன். இரண்டு தடவை.

செப்டம்பரில் சிவப்பாகத் தலைகாட்டின,
நகக்கண் அளவு.
இந்த வயதில் முள்ளுக்கும் முள் கிடையாது.
வெறும் விரலால் கிள்ளலாம்.
கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்,
எத்தனை வருடம் என்று யாரும் சொல்வதில்லை.

கிணற்றடியில் மன்சியா
நிரம்பிய வாளியை என் பக்கம் நகர்த்தினான்.
"மேல் மூலையில் மூணு முளை" என்றான்.
"நாலு" என்றேன்.