பதினோரு மணி

இருபத்திரண்டு வருஷம் பாலம் திறந்தேன்.
மணி அடிப்பேன். சாலையில் கார்கள் முணுமுணுத்து நிற்கும்.
பாலம் எழுந்து வானத்தைப் பார்க்கும்.
கடந்துபோகும் ஒவ்வொரு படகுக்கும்
தூண்டில் கழியில் கட்டிய மரச்செருப்பை ஆட்டி இறக்குவேன்.
சுங்கம் அதற்குள் விழும்.
இரண்டு யூரோ, சில நாள் ஒரு சட்டைப் பொத்தான்.
ஜெர்மன்காரர் ஒருவர் ஒரு சிகரெட் போட்டார்.
அதையும் கணக்கில் எழுதினேன்.

பிறகு என் நரம்புகளின் உறை உரிய ஆரம்பித்தது.
கால்கள் போயின. இடக்கை போயிற்று.
வலக்கையில் இரண்டு விரல் மிச்சம்.

முதல் நாலு வருஷம் ஏஜென்சி.
மாலை ஏழேகாலுக்கு என்னைப் படுக்க வைப்பார்கள்.
ஃபிரீஸ்லாந்தின் ஜூன் மாதச் சூரியன்
பத்து மணிக்குத்தான் வீட்டுக்குப் போகும்.
திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நான் விழித்துக் கிடப்பேன்,
தண்டனை வாங்கிய பிள்ளைபோல,
ஐம்பத்தோரு வயதில்.
வெளியே கால்வாயில் யாரோ சிரிப்பார்கள்.

"அட்டவணை அப்படி, அம்மா."

ஒரே வருஷத்தில் நாற்பத்தொரு பேர் என்னைக் குளிப்பாட்டினார்கள்.
நாற்பத்தொரு பேரிடமும் சொன்னேன்
இடது தோளைத் தூக்க வேண்டாம் என்று.

அப்புறம் கடிதம் வந்தது.
என் பராமரிப்புப் பணத்துக்கு இனி நானே பொறுப்பாம்.
பணம் என் கைக்கு வராது, அரசாங்கத்திடமே இருக்கும்.
ஆனால் யாருக்கு, எந்த மணிக்கு, எவ்வளவு
என்று சொல்வது நான்.
கையாலாகாதவள் படியளக்கப் போகிறேன்!

சமையலறையில் நேர்காணல்.
முதலில் வந்தவள் என் அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்,
"இவங்க ராத்திரி தொந்தரவு பண்ணுவாங்களா?"
பண்ணுவேன் என்றேன். காபி குடித்துவிட்டுப் போனாள்.

ஹெஸ்ஸல் வந்தான். பேக்கரியிலிருந்து நின்றவன்,
நகக்கண்ணில் இன்னும் மாவு.
"எத்தனை மணிக்குத் தூங்குவீங்க?" என்றான்.
எனக்கே மறந்துபோயிருந்தது.
பதினொன்று, என்றேன்
ஏலத்தில் துணிந்து விலை கேட்பவள்போல.

இதை விடுதலை என்று எழுதிவிடாதீர்கள்.
ஒப்பந்தம், விடுப்பு, நேரத்தாள்,
இரண்டு விரலால் நிரப்ப வேண்டிய கட்டங்கள்.
வருஷத்துக்கு ஒருமுறை நகராட்சியிலிருந்து ஓர் இளைஞர் வருவார்,
மடிக்கணினியோடு, நல்ல பிள்ளை.
"இந்த இரவு நேரம்... எட்டு மணிக்கே முடித்தால்
கொஞ்சம் மிச்சமாகுமே?"
யாருக்கு, என்று கேட்டேன்.
அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார்.
அந்த வருஷம் வெட்டவில்லை. அடுத்த வருஷம் தெரியாது.

பௌக்யாவை நான் வேலையைவிட்டு அனுப்பினேன்.
அவளைப்போல் தலை வாரிவிட யாராலும் முடியாது.
ஆனால் ஐந்து முறை தாமதம்.
ஐந்தாவது முறை கழிவறை இருக்கையில்
இரண்டு மணி நேரம் நான் சுவரை எண்ணிக்கொண்டிருந்தேன்,
அதில் இருந்தது ஒரே சுவர்.

சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்திருந்தேன்.
பாதியில் அழுகை வந்துவிட்டது, அவளுக்கல்ல, எனக்கு.
மூக்கு ஒழுகியது. துடைக்க ஆளில்லை.
அவள்தான் கைக்குட்டை எடுத்துத் துடைத்தாள்,
"சிந்துங்க" என்றாள், சிந்தினேன்.
கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.
அந்தக் கால் மணிக்கும் சம்பளம் போட்டேன்.
நேரத்தாளில் அதற்குக் கட்டம் இல்லை,
'இதர பராமரிப்பு' என்று எழுதினேன்.

என் பாலத்தை இப்போது லேவார்டனில் யாரோ ஒருவர்
திரையைப் பார்த்துத் திறக்கிறார்.
மரச்செருப்பு கிடையாது.
சில சமயம் படகு வெகுநேரம் காத்து நிற்கிறது,
கேமராவுக்குத் தெரியாத மூலையில்.
நான் இங்கிருந்து பார்க்கிறேன், ஜூன் மாதம், தண்ணீரோரம்.
ஹெஸ்ஸல் கொட்டாவி விடுகிறான்.
உள்ளே போகலாமா என்கிறான்.
மணி பத்து நாற்பது.

இல்லை, என்கிறேன்.