கட்டைவிரல்

நீலாங்கரையில் படகேறுமுன்
பிரிட்டோ சொன்னான்:
"கீழ போய் கட்டைவிரல் காட்டுனா
சூப்பர்னு அர்த்தம் இல்ல மேடம்,
மேல போகலாம்னு அர்த்தம்."

பன்னிரண்டு மீட்டரில் பச்சைக் கலங்கல்.
இரண்டு கை தூரத்துக்கு அப்பால்
கடலே இல்லை.
பாதி மணல் ஏறிய இருபது லிட்டர் கேன்;
உள்ளே குடியிருந்த மீன்
வாடகை கேட்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல்
எங்களைப் பார்த்தது.

இளமாறன் அருகில் வந்து
உள்ளங்கையில் இரு விரல் தட்டினான்:
காற்று எவ்வளவு மிச்சம்?

மார்ச்சிலிருந்து
பால் பாக்கெட், கரண்ட் பில் தவிர
என்னிடம் எதுவும் கேட்காதவன்.

நூற்றிருபது என்று விரல்களில் சொன்னேன்.
நம்பாமல்
என் மானியை இழுத்து
அவனே பார்த்தான்.

குமிழிகள் மட்டும் மேலே போயின.
நான் கட்டைவிரலை
மடக்கியே வைத்திருந்தேன்.