இருபது டிகிரியில்

லாபிஸ் ஆலை, இரவு ஷிப்ட்.
கைக்கடிகாரமும் கொண்டை ஊசியும் வாசலில்;
காந்தத்துக்கு ஆகாது.
கூந்தல் கண்ணில் விழ
செம்பனை எண்ணெய்க் குழாயை உள்ளே இறக்குகிறேன்.

ஹைட்ரஜன் கருக்கள் எல்லாம் திரும்புவதில்லை.
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிபாதி போக
பத்து லட்சத்துக்கு
ஒன்றிரண்டுதான் காந்தம் சொல்லும் திசையில் மிச்சம்.
அந்த ஒன்றிரண்டே பேசும்.

ரேடியோ அலையால் ஒரு தட்டு.
உறைந்த கொழுப்பு
சட்டென்று வாய் மூடுகிறது.
உருகியது முனகிக்கொண்டே இருக்கிறது.
இமைப்பதற்குள்
ஆயிரம் முறை முடிந்துவிடும் அந்த இடைவெளியில்
என் எண்.

டாங்கர் லோரியிலிருந்து சன்னாசி ஹாரன் அடிக்கிறான்.
“கெட்டி எவ்வளவு, கிருஷ்ணவேணி?”

“இருபத்துநாலு விழுக்காடு.”

“மிச்சம்?”

இன்னும் பேசுகிறது.
நான்தான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.