நன்றி சொல்லாத ஞாயிறு

மொந்தெவிதேயோவில்
ஆற்றுக் காற்று ஜன்னலை உலுக்கும் ஞாயிறு.
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்
பழைய ஃபியட்டைத் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான் வில்மார்.

என் நாக்கு நுனியில்
பதினோரு வருஷத்துப் பழைய பாக்கி.
அதற்குள், தெர்மாஸை அக்குளில் இடுக்கியபடி
மாத்தே குடுவையை நீட்டினான்.

குழலை உறிஞ்சும் வாய் பேச முடியாது.
இலைக் கசப்பு இறங்கும்வரை
அவன் சொன்னதைக் கேட்டேன்:
தம்பிக்கு வேலை போய்விட்டதாம்.
என்னிடம் சொல்ல நா எழவில்லையாம்.

குடுவையைத் திருப்பிக் கொடுத்தேன்.
தனக்கு ஊற்றிக்கொண்டான். அதே குழல்.
"கார் போகட்டும், வில்மார்.
கேட்டிருக்கலாம்."
குழலை எடுக்காமலே தலையசைத்தான்.

இங்கே குடுவையைத் தரும்போது
நன்றி என்றால்
போதும் என்று பொருள்.

இருட்டிவிட்டது.
தெர்மாஸில் வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கிறது.
இன்னும்
நான் சொல்லவில்லை.