கீழிருந்து நான்காவது வரி

பிரிட்டோரியாவில் ஜகரண்டா உதிர்கிற மாதம்.
கார்கள் பூவை நசுக்கி நசுக்கிச்
சாலை முழுக்க ஊதா வழுக்கல்.
மூன்றாம் மாடியில் என் பெயர்ப் பலகை:
திலகேஸ்வரி படையாச்சி, காப்புரிமை ஆய்வாளர்.
இந்த நாட்டில் இந்த வேலைக்கு வயது
என் மகனின் பால்பற்களைவிடக் கொஞ்சம் அதிகம்.

அதற்குமுன் இங்கே
யாரும் எதையும் படித்ததில்லை.
படிவம் சரியா, கட்டணம் கட்டியாச்சா,
கையெழுத்து கோட்டுக்குமேல் இருக்கிறதா,
தொப்.
இருபது ஆண்டு.

பிறகு அரசாங்கம் ஒரு கொள்கை எழுதியது.
இனிமேல் படித்துப் பார்த்துக் கொடுப்போம்
என்பதுதான் சாரம்;
அதைச் சொல்ல நிறையப் பக்கம் தேவைப்பட்டது.
எங்களை எடுத்தார்கள். வேதியியல்காரர்கள்,
பொறியாளர்கள், ஓபாகெங் மாதிரி
தவளைத் தோலில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள்.
மூன்று கேள்வி சொல்லிக்கொடுத்தார்கள்.
புதுசா?
தொழில் தெரிந்த எவனுக்கும் தோன்றியிருக்குமா?
உபயோகம் உண்டா?
நான்காவதாக ஒன்று எனக்குண்டு.
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

டர்பனிலிருந்து ருக்கு போன் செய்தாள்.
சாட்ஸ்வொர்த்தில் பள்ளிச் சீருடை தைத்து விற்பவள்.
என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து
தனிம அட்டவணையை மெட்டுப் போட்டுப் பாடியவள்.
ரத்தத்தில் என்னவோ கூடுது என்றாள்.
மாத்திரை இருக்காம். மாசத்துக்கு
வீட்டுத் தவணை மாதிரி மூணு மடங்காம்.
சென்னைக்குப் பட்டு எடுக்கப் போனவர்கள்
சேலைக்கு நடுவே மடித்து எடுத்து வர்றாங்களாம்,
அங்கே அவ்வளவு மலிவாம்.
"நீ அந்த ஆபீஸ்லதானே இருக்கே?
பாத்துச் சொல்லேன்."
கரண்டு எப்போ வரும் என்று கேட்கிற குரல்.

மதிய இடைவேளையில் பார்த்தேன்.
காப்பறையில் இரண்டு கோப்பு.
முதலாவது உண்மையிலேயே புதுசு.
எவ்வளவு ஆசைப்பட்டும் குறை அகப்படவில்லை.
எங்கேயோ ஒருத்தி
வளையத்தில் ஒரே ஒரு நைட்ரஜனை இடம் மாற்றி
நோயை ஏமாற்றியிருக்கிறாள்.
பொறாமையாக இருந்தது.
அதன் இருபது ஆண்டு போன மார்ச்சோடு சரி.

இரண்டாவதும் அதே மருந்து.
கோரல் ஒன்று: அதன் உப்பு.
கோரல் இரண்டு: உப்பின்மேல் பூச்சு.
கோரல் மூன்று: அதைக் காலையில் ஒருமுறை விழுங்குவது.
இன்னும் ஒன்பது ஆண்டு மிச்சம்.
முத்திரை மட்டும் நேராக, அழகாக விழுந்திருந்தது.
புரட்டினால் தாள்கள்
ஒன்றையொன்று விடாமல் ஒட்டிக்கிடந்தன.

பென்சில் எடுத்தேன். யாரும் கேட்காத அறிக்கையை
பழைய நாட்காட்டித் தாளின் முதுகில் எழுதினேன்:
கோரல் ஒன்று, புதுமை இல்லை.
பார்க்க: முதல் கோப்பு, பக்கம் முப்பத்தொன்று,
உப்புகளின் பட்டியல், கீழிருந்து நான்காவது வரி.
ஓபாகெங் எட்டிப் பார்த்தான்.
"கொடுத்ததை நாம பிடுங்க முடியாது, திலகா.
அதுக்குக் கோர்ட். கோர்ட்டுக்கு வக்கீல்.
வக்கீல் உன் மாத்திரையைவிட விலை."
தெரியும் என்றேன்.
பூச்சு மிச்சமிருந்தது, அதையும் எழுதினேன்.

சாயங்காலம் ருக்குவிடம் சொன்னேன்.
உப்புதான், ருக்கு. மீதி ஒன்றுமில்லை.
எங்கள் வீடுகளில் மிஞ்சிய தமிழில்
பாதி வசவு, பாதி பழமொழி.
"உப்புப் பெறாத விஷயத்துக்கா ஒன்பது வருஷம்?"
என்றாள். சிரித்தாள். சிரிப்பு இருமலாகி
வெகுநேரம் ஓயவில்லை.

கொடுத்து முடித்த கோப்பை
யார் வந்தும் பார்க்கலாம், சட்டம் அப்படி.
அவள் வார்டில் பதினோரு பேராம்,
ஒருத்தியின் மகன் வக்கீலுக்குப் படிக்கிறானாம்.
"நம்பரைச் சொல்லு."
பேனா கிடைக்கவில்லை. தையல் சாக்கட்டி இருந்தது.
ஏதோ ஒரு பிள்ளையின் கால்சட்டைத் துணியில்
அவள் எழுதும் சத்தம் எனக்குக் கேட்டது.
ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னேன்.
"இது பூஜ்யமா, ஓ-வா?"
"பூஜ்யம்."